முதலில் சோதனை, பிறகு ஸ்பேனர்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், சென்னை மந்தைவெளியில் என் ஷெட்டுக்கு வரும் பழைய டீசல் கார்களில் ஒரே புகாரைத்தான் அதிகம் கேட்கிறேன். "வண்டி ஹீட் ஆகுது, பிக்கப்பும் இல்லை." அவற்றில் பல ஏற்கெனவே வேறு எங்காவது காட்டப்பட்டு, 'டர்போ போச்சு', 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்ற தீர்ப்போடு வருகின்றன. "என்ன டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க சார்?" என்று கேட்பேன். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாங்க, சொல்லிட்டாங்க" என்பார்கள்.

ஓட்டிப் பார்ப்பதும் காது கொடுத்துக் கேட்பதும் நல்ல ஆரம்பம். அதை மட்டும் வைத்துக்கொண்டு டர்போவைக் கழற்றச் சொல்வது தவறு. சூடும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், காரணம் ஒரு ரப்பர் குழாயாகவும் இருக்கலாம், எஞ்சினையே பிரிக்க வேண்டிய பழுதாகவும் இருக்கலாம். எது என்று காட்டிக்கொடுக்கும் சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஸ்பேனரைத் தொடாமலே செய்யலாம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சோதனைகளின் வரிசை தெரிந்திருந்தால் வீண் செலவு நிற்கும் என்பதால் எழுதுகிறேன்.

தெருவில் இன்னும் இருக்கும் டீசல்கள்

2007-ல் மாருதி தன் ஸ்விஃப்ட் காரில் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட் எஞ்சின் அது, 1,248 சி.சி., 75 குதிரைத்திறன். அதே எஞ்சின் டாடா, ஃபியட் கார்களிலும் வந்தது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலும் ஃபோர்டு மறைமலை நகரிலும் டர்போ டீசல் கார்களைத் தயாரித்தன. பெட்ரோலைவிட டீசல் வெகு மலிவாக விற்ற காலம் என்பதால் மக்கள் விரும்பி வாங்கினார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது. 2022-ல் ஃபோர்டு மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. அன்று விற்ற கார்கள் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். டெல்லியில் டீசலுக்கு வந்த 10 ஆண்டு வரம்பு தமிழ்நாட்டில் இல்லை. எங்கள் ஆர்.டி.ஓ.வின் டி.என். 06 எண் தாங்கிய அந்தக் கால டீசல்கள் பல இப்போது புதுப்பிக்கும் வயதில் இருக்கின்றன. மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் அவற்றை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் ஓய்வு பெற்றவர்கள். கோயில், ஆஸ்பத்திரி, எப்போதாவது காஞ்சிபுரம் என்று போய்வருகிறவர்களுக்கு, இருக்கும் வண்டி நம்பிக்கையாக ஓடினால் போதும். ஓடவும் ஓடும். அதற்கு அதன் சூட்டை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

சூடும் இழுவையும் சந்திக்கும் இடம்

எரியும் டீசலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வெளியேறிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிரஷர் குக்கரைப் போலத்தான்: அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கத் தொடங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே கூலன்ட் பொங்கி வழியும். அதனால்தான் நான் மூடியிலிருந்து தொடங்குகிறேன்.

டர்போ என்பது 1905-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்தது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். முழு வேகத்தில் அழுத்தப்படும் காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடுவதால், அதை இன்டர்கூலர் வழியாக ஆறவைத்து அனுப்புகிறார்கள். அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், 27 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 77 டிகிரியில் இருக்கும் காற்றுக்கு ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அந்த அளவுக்கு ஆக்ஸிஜனும் குறையும், இழுவையும் குறையும்.

பல கார்களில் ஏ.சி. கண்டன்சர், ரேடியேட்டர், இன்டர்கூலர் எல்லாமே முகப்பில் நெருக்கமாக அமர்ந்திருக்கும். அவற்றின் இடுக்குகளில் தூசியும் பூச்சியும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் கூலன்ட்டும் ஆறாது, டர்போ தரும் காற்றும் ஆறாது. இது போதாதென்று, கூலன்ட் அளவு மீறிச் சூடானால் வண்டியின் கம்ப்யூட்டர் முதலில் ஏ.சி.யை நிறுத்தும், அடுத்து எஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைக்கும். எஞ்சினைக் காப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஓட்டுபவருக்கோ டர்போ செத்துப்போனது மாதிரி தோன்றும். இழுவை இல்லை என்றதும் டர்போவைக் குற்றம் சொல்லக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எங்கே சூடாகிறது, எப்போது இழுக்கவில்லை?

பானெட்டைத் திறப்பதற்கு முன் உரிமையாளரிடம் பேச வேண்டும். ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தெரு குறுகிய இடத்தில் ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? அப்படியானால் காற்றோட்டத்தில் குறை. ஃபேன் மோட்டார், ரிலே, ஃபேனின் குறைவேக ரெசிஸ்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். பெரிய எஸ்.யு.வி.களில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபேனில் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கப்ளிங் இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுற்றிப் பார்த்தால் இறுக்கம் தெரிய வேண்டும். தடையே இல்லாமல் சுற்றினால் கப்ளிங் போய்விட்டது.

ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையிலோ ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ சூடானால் கதை வேறு. அங்கே கூலன்ட் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம், கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம்.

டீசல் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது மிகக் குறைந்த சூட்டைத்தான் உண்டாக்கும். ஏ.சி.யும் போடாமல் நிழலில் நிற்கும்போதே சூடானால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கூலன்ட் வெகுவாகக் குறைந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்திருக்கலாம்.

அடுத்து புகை. கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள்: ஏர் ஃபில்டர் அடைப்பு, காற்றுக் குழாயில் கசிவு, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் திறந்தே நிற்பது. எஞ்சின் சூடேறிய பிறகும் விடாமல் வெண்புகை வந்து, கூலன்ட் குறைந்துகொண்டே போனால், அது எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது. கேஸ்கெட் அல்லது ஈ.ஜி.ஆர். கூலர். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

கழற்றாமல் செய்யும் சோதனைகள்

வண்டியை முந்தைய நாள் இரவே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். எஞ்சின் முழுதாக ஆறியிருந்தால்தான் முதல் சோதனை சரியாக வரும். காலையில் மூடியைத் திறந்து கூலன்ட்டின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் வருகிறது. அதை உறுதி செய்ய ஒரு நீல நிறத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுக்க வேண்டும். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்ஸைடு கலந்திருந்தால் நீலம் மாறிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகும். ஹெட்டைக் கழற்றும் முடிவை இந்தச் சோதனை இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது.

பிறகு கைப்பம்ப்பால் ரேடியேட்டருக்குள் 1 பார் அழுத்தம் கொடுத்துக் கால் மணி நேரம் விட்டுவைப்பேன். கேஜ் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. அடுத்து, ஏ.சி.யைப் போட்டால் ஃபேன் உடனே சுழல்கிறதா என்று பார்ப்பேன். எஞ்சின் சூடேறியதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முழுக்கக் குறி வைத்துப் பார்ப்பேன். சுற்றிலும் சூடாக இருக்க, ஓரிடம் மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே கூலன்ட் ஓடவில்லை.

இழுவையைச் சோதிக்க, வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைக் காட்டும் ஸ்கேனர் வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் எஞ்சின் ஓடாதபோது காற்றழுத்தம் சுமார் 1 பார் காட்டும். மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது டர்போ அதை 2 பாரை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் திரையில் அருகருகே தெரியும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் 'காமன் ரெயில்' குழாயின் அழுத்தத்துக்கும் அப்படியே இரண்டு எண்கள் வரும். காற்று சரியாக வந்து டீசல் அழுத்தம் மட்டும் குறைந்தால் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். டீசல் சரியாக இருந்து காற்று குறைந்தால்தான் டர்போவின் பக்கமே திரும்ப வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியவை குழாய்கள். பத்து ஆண்டுச் சென்னைச் சூட்டில் டர்போவைக் கட்டுப்படுத்தும் வாக்குவம் குழாய்கள் வெடித்துவிடும். எலி கடித்த குழாய்களையும் அடிக்கடி பார்க்கிறேன்.

டீச்சரின் வண்டி

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் தன் 2011 மாடல் டீசல் ஹேட்ச்பேக்கைக் கொண்டுவந்தார். சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது. மகளைப் பார்க்க சிறுசேரி போகும்போது ஓ.எம்.ஆரில் 70-க்கு மேல் போகவில்லை, பின்னால் கரும்புகை. வேறொரு ஒர்க்ஷாப்பில் டர்போவை மாற்றச் சொல்லியிருந்தார்கள். "குழாய் முழுக்க எண்ணெய், நானே பார்த்தேன் தம்பி" என்றார்.

"அது எல்லா டர்போ டீசல்லயும் லேசா இருக்கும் டீச்சர். அதை வெச்சு டர்போ போச்சுன்னு சொல்ல முடியாது" என்றேன். எஞ்சினுக்குள் உண்டாகும் ஆயில் ஆவி டர்போவின் காற்றுப் பாதையில் திருப்பிவிடப்படுகிறது. அதனால் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. அதைக் காட்டி டர்போவை விற்பதை நான் பல வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர். கூலன்ட்டின் நிறமே இல்லை. ஸ்டார்ட் செய்தபோது ஹோஸ் மெதுவாகத்தான் இறுகியது, நீலத் திரவமும் நிறம் மாறவில்லை. ஹெட் கேஸ்கெட் மேல் பழி இல்லை. ஏ.சி. போட்டும் ஃபேன் எழவில்லை. முள் நன்றாக ஏறிய பிறகு முழு வேகத்தில் மட்டும் ஓடியது. குறைவேக ரெசிஸ்டர் எரிந்திருந்தது. ரேடியேட்டரின் நடுவில் ஒரு பட்டை, கை வைக்கும் அளவுக்கு ஆறிக் கிடந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. முன்பு யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள்.

இழுவைக்கு, விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய் மிதித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் 2 பார் கேட்டது, 1.4-தான் கிடைத்தது. ஷெட்டுக்கு வந்து டர்போவின் முன்குழாயைக் கழற்றித் தண்டை ஆட்டிப் பார்த்தேன். இம்மி பக்கவாட்டு அசைவு. அது ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி. முன்னும் பின்னும் அசைவில்லை, இறக்கைகள் எங்கும் உரசவில்லை. டர்போ நன்றாக இருந்தது. இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளிப்பை ஒட்டி எண்ணெய் ஈரம் அதிகம். அந்த இடத்தை வளைத்துப் பார்த்ததும் கத்தியால் கீறியதுபோல ஒரு பிளவு வாய் திறந்தது. வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும், டர்போ அழுத்தும்போது திறந்துகொள்ளும். அழுத்திய காற்று அதன் வழியாகப் போக, டீசல் மட்டும் எஞ்சினுக்குப் போய்க் கரும்புகையானது.

புது ஹோஸ், புது ரேடியேட்டர், ரெசிஸ்டர், தெர்மோஸ்டாட், மூடி. எல்லாம் சேர்ந்தும் டர்போவுக்கு அவரிடம் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. திரும்ப ஓட்டியபோது கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றாக நின்றன. டர்போவை மட்டும் மாற்றியிருந்தால், பிளந்த ஹோஸோடும் அடைத்த ரேடியேட்டரோடும் அந்த வண்டி அடுத்த கோடையில் ஹெட்டையே இழந்திருக்கும்.

நாம் விட வேண்டிய பழக்கங்கள்

டீச்சர் வண்டியின் ரேடியேட்டரை அடைத்தது போர் தண்ணீர். கடலை ஒட்டிய நம் பகுதியில் குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே உப்பு, சூடான எஞ்சினுக்குள் இன்னும் வேகமாகப் படியும். கூலன்ட்டில் துருத்தடுப்பு மருந்து இருக்கிறது. பம்ப்பையும் அலுமினிய ஹெட்டையும் காப்பது அதுதான். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோடு, உங்கள் காரின் கையேடு சொல்லும் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கையேடு சொல்லும் கெடுவில் மாற்றுங்கள்.

'இது சூடான ஊர், தெர்மோஸ்டாட் எதற்கு' என்று கழற்றிவிடுவது இன்னொரு தவறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாத குறுக்குவழியை அதே உறுப்புதான் மூடும். அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினைச் சுற்றும். காலையில் எஞ்சின் சூடேறவும் நேரமாகும். தேய்மானமும் டீசல் செலவும் கூடும். ஃபேனுக்கு நேரடி ஒயர் கொடுத்து எப்போதும் ஓடவிடுவதும் அப்படியே. சென்சாரின் பழுதை அது மறைத்துவிடும். ஃபேன் மோட்டார் ஒருநாள் நின்றுபோகும்போது முன்னெச்சரிக்கை எதுவும் இருக்காது.

வழியில் சூடானால்

முள் ஏறுவதைப் பார்த்ததும் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் திருப்பி, ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டை அது வெளியே தள்ளும். சென்னையில் யாரும் ஹீட்டர் போடாததால் அந்தக் குமிழ் பல வண்டிகளில் இறுகிக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை திருப்பி வையுங்கள்.

சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்ட வேண்டாம். இரும்பு பிளாக்கின் மேல் இருக்கும் அலுமினிய ஹெட், சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். வளைந்துவிட்டால் கேஸ்கெட் போகும், லேத் வேலை வரும். சிவப்பில் நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் மொத்தமும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போதும் முள் அப்படி விழும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர், அழுத்தம் போனதும் முகத்தில் பீறிடும். முகமும் கையும் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள். சூடான ஹெட் விரிசல் விடும். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். ஹோஸை அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதன் பிறகு துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகுங்கள்.

வண்டியை எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், எனக்கே கொடுத்தாலும், மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். என்ன சோதனை செய்தார், என்ன அளவு வந்தது என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு அதே சோதனையை மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். டர்போவை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். எண்ணைக் காட்ட முடியவில்லை என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.